கேட்காமல் வந்த கதாநாயகி

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. நண்பன் ஒருவன் தன்பாட்டில் உட்கார்ந்து ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டைச் செய்துகொண்டிருப்பான். அது பாதிகூட முடிந்திருக்காது. அதற்குள் இவர்கள் அதன் ரசிகர்களாகி, அதன் நாயகனை இருபது கோணத்தில் வரைந்து, அதோடு நிற்காமல், அந்த விளையாட்டில் இல்லவே இல்லாத ஒரு பாத்திரத்தைத் தாங்களே பெற்றெடுத்துப் பெயரும் வைத்து, இவளை எங்கே சேர்க்கப்போகிறாய் என்று நண்பன் முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்கள். யாராவது கேட்டார்களா? இல்லை. கேட்காததால்தான் இவ்வளவு வேகம்.

நீங்கள் இவர்களைப் பார்த்திருப்பீர்கள். மதியச் சாப்பாட்டு வேளையில் டிபன் பாக்ஸைத் திறக்கும் முன் போனைத் திறப்பார்கள். சும்மா கிறுக்கினேன் என்று சொல்லி நான்கு நாள் உழைப்பைக் காட்டுவார்கள். பிடிக்காவிட்டால் தயங்காமல் சொல் என்பார்கள். சொல்லிப் பாருங்கள், தெரியும்.

எங்கள் கூட்டத்தில் இந்த இனத்தின் பிரதிநிதி இந்துமதி. திருப்பூர் வேலம்பாளையத்தில் நாங்கள் வேலை செய்யும் பனியன் கம்பெனியில் பிரிண்ட் டிசைனர். நண்பன் முனீஸ் அங்கேயே கம்ப்யூட்டரில் துணி வெட்டும் பேட்டர்ன் போடுபவன். விருதுநகர்ப் பக்கத்துக் குடும்பம். வேலை நேரம் போக அவன் செய்துவந்த விளையாட்டின் பெயர் 'நனையாத கட்டு'. வெட்டிய துணிக்கட்டை மொபெட்டில் ஏற்றிக்கொண்டு, மழை பிடிப்பதற்குள் சந்து சந்தாகப் புகுந்து தையல் யூனிட்டில் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான். நாயகனுக்குப் பெயர்கூடக் கிடையாது.

இந்துமதிக்குப் பொறுக்குமா? மஞ்சிட்டி பிறந்தாள். அது சிவப்புச் சாயம் தரும் ஒரு வேரின் பெயராம். ஒரு கண் ஊதா. முழங்காலைத் தொடும் சிவப்புப் பின்னல். ஆற்றுக்கே நிறம் கொடுத்த சாயக்காரர் வம்சத்தின் கடைசிப் பெண். மழையில் நனைந்தால் சாயம் போய்விடுவாள் என்று ஒரு சாபம். போதாததற்கு அந்தப் பெயரில்லாத மொபெட்காரனின் தொலைந்துபோன அக்கா. ஏழு பக்க வரலாறு. முதல் படத்தில் இடது மூலை வெறுமையாக இருந்தது. வெற்றிடம் டிசைனர்களுக்கு ஆகாது. அங்கே ஒரு சேவலைப் போட்டு நிரப்பி அனுப்பினாள்.

முனீஸ் ஏழு பக்கத்தையும் படித்தான்.

"நல்லாத்தான் இருக்கு இந்து. ஆனா அவன் அக்காவத் தேடிப் போனா, கட்டு நனைஞ்சிரும்ல?"

"என்ற புள்ள மஞ்சிட்டி வந்து கொடை புடிப்பா."

"அப்ப அவ நனைவாளே. சாயம் போயிராது?"

"அதுதான்டா கதையில சோகம்."

பார்க்கலாம், அடுத்த பில்டில் சேர்க்கலாம் என்றான். அதாவது விளையாட்டின் அடுத்த பதிப்பில். அந்த 'அடுத்த' இருக்கிறதே, அதை நம்பித்தான் இந்த இனம் உயிர் வாழ்கிறது.

பிறகு படங்கள் வந்தபடியே இருந்தன. மஞ்சிட்டி முன்பக்கம், மஞ்சிட்டி பின்பக்கம், மஞ்சிட்டி நான்கு நிறங்களில். ஏற்றுமதித் துணிக்கு எழுதுவதுபோல் தோள் அகலம், கை நீளம், அரை அங்குலம் கூடக் குறைய இருக்கலாம் என்ற குறிப்பு. ஒரே ஒருமுறை முனீஸ் வாயைத் திறந்து ஓர் உதவி கேட்டான்: டீக்கடை பெஞ்சு ஒன்று வேண்டும். வந்தது. அதன்மேல் மஞ்சிட்டி பாவாடையை விரித்து உட்கார்ந்திருந்ததில் பெஞ்சைத்தான் காணவில்லை.

எங்கள் தொழிலில் அவசரக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வாங்குபவருக்குச் சாம்பிளை அனுப்பிவிட்டு, சொன்ன நாளுக்குள் அவரிடமிருந்து திருத்தம் வராவிட்டால், ஓகே ஆகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு மொத்தத் தயாரிப்பைத் தொடங்கிவிடுவார்கள். மஞ்சிட்டி விஷயத்தில் முனீஸ் பதினைந்து நாள் எதுவும் சொல்லவில்லை. பதினாறாம் நாள் மஞ்சிட்டி படம் போட்ட எண்பது பனியன்கள் தயார்.

மற்ற ஊர்களில் விளையாட்டு வந்த பிறகு அதன் பனியன் வரும். திருப்பூரில் பனியன் முந்திக்கொள்ளும்.

கட்டிங் மாஸ்டர் கன்னையன் போட்டார், டீக்கடைக்காரர் போட்டார், நானும் ஒரு எக்ஸ்எல் வாங்கிக்கொண்டேன். இது யார் என்று பீகார்ப் பையன்கள் இந்தியில் கேட்டபோது, கேமில் வரும் ஹீரோயின் என்று கன்னையன் கூசாமல் சொன்னார். முனீஸும் ஒன்று போட்டுக்கொண்டான். ஒன்றும் சொல்லவில்லை. அதையும் அவள் சம்மதக் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

போன ஆடியில் முனீஸ் காய்ச்சலென்று படுத்தான். ஒன்பதாம் நாள் இறந்துபோனான்.

ஷிப்டிலிருந்து நேராகச் சுடுகாட்டுக்கு வந்தவர்களில் பதினோரு பேர் அந்தப் பனியனோடு வந்திருந்தார்கள். பதினோரு மஞ்சிட்டிகளும் ஊதாக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தூறல் விழுந்தது. நல்ல பிரிண்ட், சாயம் போகவில்லை.

ஒரு மாதம் கழித்து முனீஸின் தங்கை அபிராமி அவன் லேப்டாப்பைக் கொண்டுவந்து இந்துமதியிடம் கொடுத்தாள்.

"கேம முடிச்சிட்டேன்னு அண்ணன் சொன்னான்க்கா. எனக்கு இதெல்லாம் தெரியாது. நீங்களே வச்சுக்கோங்க."

மொத்தம் ஒன்பது லெவல். இந்துமதி விளையாடினாள், நான் பக்கத்தில் இருந்தேன். விளையாடினாள் என்பது சரியல்ல, தேடினாள். ஒவ்வொரு சந்திலும் மொபெட்டை நிறுத்தினாள். மாடியைப் பார்த்தாள், டீக்கடையைப் பார்த்தாள். கட்டுகள் வரிசையாக நனைந்தன. மஞ்சிட்டி எங்கும் இல்லை. சேவல் இருந்தது. இடது மூலையை நிரப்ப வந்த அதே சேவல். வழி குழம்பும் சந்துகளிலெல்லாம் அது நின்றது. அது எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் வண்டியைத் திருப்பினால் கட்டு நனையாது.

ஏழு பக்க வரலாறு எழுதப்பட்டவளுக்கு இடமில்லை. ஒரு வரிகூட எழுதப்படாத சேவலுக்கு ஒன்பது லெவலிலும் வேலை.

கன்னையன் ஆறுதலாகத்தான் சொன்னார்: "இப்ப எல்லாம் உன்ற கையிலதான கண்ணு இருக்குது? புள்ளைய ஒரு ஓரமாச் சேத்துரு. யாரு கேக்கப் போறாங்க?"

இந்துமதி லேப்டாப்பை மூடினாள்.

"அவன் ஓகே சொல்லவே இல்லீங்களே அண்ணா."

ஓகே வராமலே எண்பது பனியன் அடித்தவளின் வாய் அது.

திருந்திவிட்டாள் என்றுதான் நானும் நினைத்தேன். மறுவாரம் எனக்கு ஒரு கோப்பு வந்தது. சேவலின் பூர்விகம், குண்டடம் கிராமத்தில் அது குஞ்சாக இருந்த காலம், அதன் தாய்க்கோழிக்கு நேர்ந்தது. பதினோரு பக்கம். ஒரு கண் ஊதா. சும்மா கிறுக்கினேன் என்று கீழே எழுதியிருந்தாள்.

நீங்கள் சிரிக்கலாம். ஆனால் நண்பர் கட்டும் வீட்டுக்கு, தொடங்கும் கடைக்கு, அவர் பெண்ணின் கல்யாணப் பத்திரிகைக்கு நீங்கள் கேட்காமலே எடுத்துக்கொண்டு போன யோசனை ஒன்றுமே இல்லையா? அவர் என்ன சொன்னார்? பார்க்கலாம் என்றாரா? அப்படியானால் அவர் எதிரில் இருக்கும்போதே வேண்டுமா வேண்டாமா என்று கேட்டு வாங்கிவிடுங்கள். கேட்கத் தயக்கமாக இருந்தால் நீங்களும் அந்த இனம்தான், எங்களோடு சேர்ந்துகொள்ளலாம். எங்களோடு என்றா சொன்னேன்? ஆமாம், இதை எழுதித் தரச்சொல்லி என்னிடமும் யாரும் கேட்கவில்லை.