அமெரிக்கத் துப்பாக்கிக்குக் கிரவீன் தந்த தீர்ப்பு

உலகம் இன்னும் அறியாத ஓர் உண்மையை முதலில் பதிவுசெய்துவிட வேண்டும். அமெரிக்காவின் துப்பாக்கிப் பிரச்சினை தீர்ந்துவிட்டது. சென்ற ஒக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு, சிட்னியின் மேற்கே கிரவீனில், நூற்று நாற்பது பிளாஸ்டிக் கதிரைகள் போட்ட மண்டபத்தில், தேநீரோடு வந்த பற்றிஸ் பலகாரம் ஆறுவதற்குள் அது தீர்த்துவைக்கப்பட்டது. அமெரிக்கர்கள் இன்னமும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றால், செய்தி அங்கே போய்ச் சேரவில்லை என்றுதான் பொருள்.

தீர்ப்பு வழங்கிய பெருமகன் விக்னராஜா. அறியாதவர்கள் அவரை ஓய்வுபெற்ற பொறியியலாளர் என்பார்கள். அறிந்தவர்கள் 'நடுநிலை விக்னராஜா' என்பார்கள். மேற்குச் சிட்னிச் செந்தமிழ்ச் சிந்தனைச் சபைக்குப் பதினோரு ஆண்டுகளாக அவரே தலைவர். இருபத்தாறு பட்டிமன்றங்களுக்கு நடுவராக இருந்திருக்கிறார். ஒன்றில்கூட எந்தக் கட்சியும் தோற்றதில்லை. 'பணமா, குணமா' என்றால் இரண்டும் அளவோடு வேண்டும் என்பார். 'கணவனா, மனைவியா' என்றால் குடும்பம் என்பார். வீட்டில் இடியப்பமா, தோசையா என்று கேட்டால் இரண்டின் சிறப்பையும் எடுத்துரைத்துவிட்டு, மனைவி வைத்ததைச் சாப்பிடுவார்.

இருபத்தேழாவது பட்டிமன்றத்துக்குத் தலைப்புத் தெரிவுசெய்யக் கூடிய கூட்டத்தில், செயலாளர் யோகா ஒரு தவறு செய்தார். உள்ளூர் விஷயம் ஒன்றைச் சொன்னார்.

"வில்லாவுட் அகதித் தடுப்பு முகாமிலை எங்கட பெடியள் வருசக்கணக்கா இருக்கிறாங்கள். அதைப் பற்றிப் பேசினால் என்ன?"

"அக்கா, அது அரசியல்," என்றார் கௌரிசங்கர். சபையின் யூடியூப் சனலை நடத்துபவர் அவர்தான்.

"அப்ப இலங்கையிலை எங்கட ஊர்ப் பிரச்சினை?"

"அது இன்னும் பெரிய அரசியல்."

விக்னராஜா கண்களை மூடினார். திறந்தபோது தலைப்பு பிறந்திருந்தது: 'அமெரிக்க மக்களுக்குப் பாதுகாப்புத் தருவது துப்பாக்கிச் சட்டமா? துப்பாக்கிச் சுதந்திரமா?' எல்லாரும் கை தட்டினார்கள். மனம் புண்படக்கூடிய அத்தனை பேரும் பசிபிக் சமுத்திரத்துக்கு அப்பால் வசிக்கும் தலைப்பு லேசில் அகப்படுவதில்லை.

சட்டக் கட்சியில் பேச ஒன்பது பேர் முண்டியடித்தார்கள். சுதந்திரக் கட்சிக்கு ஒருவரும் இல்லை. கோயம்புத்தூரிலிருந்து வந்து குடியேறிய டொக்டர் பார்த்தசாரதியிடம் கேட்டபோது அவர் பதறிப்போனார். "ஐயோ சார், என் பேஷன்ட்ஸ் எல்லாம் வீடியோ பார்ப்பாங்க. துப்பாக்கி வேணும்னு நான் பேசினா நல்லாவா இருக்கும்? வேற யாராவது, அதாவது... இழக்க ஒண்ணும் இல்லாத ஆளா பாருங்களேன்."

அப்படித்தான் எமிலியானுஸ் நினைவுக்கு வந்தார்.

மன்னார்க்காரர். வயது நாற்பத்தொன்று. பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் படகில் வந்தவர். பெண்டில் ஹில்லில் ஓர் அறையில் இருந்துகொண்டு, மற்றவர்களின் குளியலறைகளுக்கு டைல்ஸ் பதிப்பவர். விக்னராஜா வீட்டுக் குளியலறையும் அவர் கைவண்ணம்தான். ஊரில் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கு நாடகங்களில் நடித்துத் தேறிய குரல், ஒலிவாங்கி தேவையில்லை. தற்காலிக விசாவிலேயே காலம் கழித்து, இப்போதுதான் நிரந்தர விசாவுக்கான விண்ணப்பம் முடிவை நெருங்கியிருந்தது. அது கிடைத்தால் மனைவி மரியமலரையும் மகள் அஞ்சலாவையும் கூப்பிடலாம். அவர் படகேறியபோது அஞ்சலாவுக்கு ஒரு வயது. இப்போது பதினான்கு.

"ஐயா, நான் துவக்குக்கு முன்னால நிண்டிருக்கிறன். பின்னால நிண்டதில்லை," என்றார் எமிலியானுஸ். துப்பாக்கி அவர் வாயில் துவக்குத்தான். "துவக்கு வேணுமெண்டு நான் எப்பிடிப் பேசுறது?"

"அதுதான் தம்பி பட்டிமன்றம்! பேசுறவரின்ர கருத்தை ஆரும் பாக்கிறேல்லை. கட்சியைத்தான் பாக்கிறது. நீர் யூதாசா நடிச்சனீர்தானே?"

"ஓம், மூண்டு வருசம்."

"உம்மை ஆரும் தூக்கிலை போட்டவையோ?"

இந்தத் தர்க்கத்துக்கு முன் எமிலியானுஸ் என்ன செய்வார்? ஒப்புக்கொண்டார்.

விழா நாளில் முதலில் முழங்கியவர் டொக்டர் பார்த்தசாரதி. "நாங்க ஆஸ்திரேலியர்கள், 1996லேயே துப்பாக்கிகளை அரசாங்கத்துக்கிட்ட ஒப்படைச்சுட்டோம்! அமெரிக்கர்களே, உங்களால முடியுமா?" அந்த ஆண்டில் அவர் கோயம்புத்தூரில் ஒன்பதாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தார், அவரிடம் கவண்கூட இருந்ததில்லை. ஆயினும் தியாகம் தியாகம்தான். மண்டபம் கண்கலங்கியது.

பிறகு எமிலியானுஸ் எழுந்தார். அமெரிக்கத் துப்பாக்கிக்காரர்கள் சொல்லும் வாதங்களையெல்லாம் இணையத்தில் தேடிப் படித்து, ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். அதுவே அவற்றுக்குச் செய்யக்கூடிய ஆகப் பெரிய அவமரியாதையாக இருந்தது.

"கெட்டவன் கையிலை துவக்கு இருந்தால் நல்லவன் கையிலையும் துவக்கு வேணும்! ஆர் நல்லவன், ஆர் கெட்டவன் எண்டு எப்பிடித் தெரியும்? சுட்டாப் பிறகு தெரியும்! பள்ளிக்கூடத்திலை சூடு நடந்ததோ? துவக்கைக் குறை சொல்லாதேங்கோ. கதவைக் குறை சொல்லுங்கோ. பள்ளிக்கூடத்துக்கு ஏன் இத்தினை கதவு? ரீச்சரிட்டையும் ஒரு துவக்கைக் குடுங்கோ. ஒரு கையாலை கணக்குப் படிப்பிக்கட்டும், மற்றக் கையாலை காவல் காக்கட்டும்! பிள்ளையள் செத்தால் அனுதாபம் தெரிவிப்பம், ஜெபிப்பம். சட்டத்தைப் பற்றிக் கதைக்க இது நேரமில்லையெண்டு சொல்லுவம். எது நேரம்? அடுத்த சூட்டுக்கு முதல் நாள்! அது எந்த நாளெண்டு தெரிஞ்சால் சொல்லுங்கோ!"

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அங்கே நிறுத்தியிருக்கலாம். நடிகனுக்கு மேடையில் எங்கே நிறுத்துவது என்று தெரிவதில்லை. குரல் சட்டென்று தாழ்ந்தது.

"என்ர வீட்டுக் கதவை உடைச்சுக்கொண்டு வந்து, என்ர தமையனை இழுத்துக்கொண்டு போகேக்கை, எனக்கும் ஒரு துவக்கு இருந்திருந்தால்..."

மண்டபத்தில் இடி மாதிரிக் கைதட்டல். அவர் அதற்குப் பின் சொன்ன வாக்கியம் அதில் அமுங்கிப்போனது. முன்வரிசையில் இருந்த யோகாவுக்கு மட்டும் கேட்டது. "இருந்திருந்தால் நானும் செத்திருப்பன். அவ்வளவுதான்," என்று சொல்லிவிட்டு எமிலியானுஸ் உட்கார்ந்தார்.

விக்னராஜா தீர்ப்பளித்தார். "துப்பாக்கியும் வேண்டும், சட்டமும் வேண்டும். ஆனால் இரண்டுக்கும் மேலாக வேண்டியது மனக் கட்டுப்பாடு. ஏனெனில், சுடுவது துப்பாக்கியல்ல, மனம்!" அமெரிக்கப் பிரச்சினை அத்துடன் தீர்ந்தது. பேச்சாளர்களுக்குப் பொன்னாடை போர்த்தப்பட்டது.

மறுநாள் கௌரிசங்கர், எமிலியானுஸின் பேச்சிலிருந்து முப்பத்துநான்கு விநாடிகளை வெட்டியெடுத்து யூடியூப்பில் போட்டார். கைதட்டலோடு முடியும் துண்டு. தலைப்பு: 'எனக்கும் ஒரு துவக்கு!' இளைய தலைமுறையின் நலன் கருதி ஆங்கில வரிகளும் கீழே ஓடின. சபையின் பொங்கல் விழாவை அதுவரை இருநூற்றுப் பதினான்கு பேர் பார்த்திருந்தார்கள். இதை ஒரே கிழமையில் பதினோராயிரம் பேர் பார்த்தார்கள். பார்த்தவர்களில் யாரோ ஒரு புண்ணியவான், அதை உரிய இடத்துக்கு அனுப்பியும் வைத்தார்.

இரண்டு கிழமைக்குப் பின் எமிலியானுஸ் ஒரு கடிதத்தோடு விக்னராஜா வீட்டுக் கதவைத் தட்டினார். நிரந்தர விசா விண்ணப்பம் தொடர்பாக, இணையத்தில் உள்ள ஒரு காணொளி குறித்து இருபத்தெட்டு நாட்களுக்குள் எழுத்தில் விளக்கம் தருமாறு குடிவரவுத் திணைக்களம் அதில் கேட்டிருந்தது.

"ஐயா, லோயர் ஹரிப்பிரியா சொல்லுறா, பெரிசா ஒண்டும் வேண்டாமாம். இது பட்டிமன்றம், கட்சியை நாங்கள்தான் குடுத்தது எண்டு சபை மூண்டு வரி எழுதித் தந்தால் காணுமாம். அந்த வீடியோவையும் எடுத்துவிட்டால்..."

"தம்பி, யோசியாதையும். இதைச் செயற்குழுவிலை வைப்பம்."

"நீங்கள்தானே ஐயா என்னைக் கேட்டனீங்கள்? நீங்களே எழுதலாமே?"

"நான் தனியாள். சபை எண்டால்தான் அதுக்கொரு மதிப்பு."

உண்மையில் விக்னராஜாவின் நெஞ்சுக்குள் வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. சமூக சேவைக்கான பதக்கம் ஒன்றுக்கு அவர் பெயர் போயிருந்தது. துப்பாக்கிக்கு ஆதரவாகப் பேசும்படி ஒரு படகு அகதியைத் தூண்டியவர் என்று எழுத்தில் ஒரு வரி இருப்பது, பதக்கத்துக்கு நல்லதா, கெட்டதா? இருபக்கமும் சிந்தித்தார். ஒரு பக்கம்தான் கனத்தது.

செயற்குழு மும்முரமாக இயங்கியது. முதல் கூட்டத்தில், இந்த விடயத்தை நிகழ்ச்சி நிரலில் சேர்க்கலாமா என்று மூன்று மணி நேரம் ஆராய்ந்து, சேர்க்கலாம் என்று முடிவுசெய்தார்கள். பத்து நாள் கழித்துக் கூடிய இரண்டாம் கூட்டத்தில், கடிதத்தைத் தமிழில் எழுதி மொழிபெயர்ப்பதா, ஆங்கிலத்திலேயே எழுதுவதா என்ற கேள்வி எழுந்தது. செந்தமிழ்ச் சபையின் மானம் சம்பந்தப்பட்ட கேள்வியல்லவா? மூன்றாம் கூட்டம் கூடியபோது இன்னும் நான்கு நாட்கள் இருந்தன.

"முதல்லை வீடியோவை எடும், கௌரி," என்றார் யோகா.

"அக்கா, பதினோராயிரம் வியூஸ்! அது வரலாறு. எடுத்தால் கருத்துச் சுதந்திரம் என்னாகிறது?"

"அந்தாளின்ர பிள்ளை தகப்பன்ர முகத்தைப் போனிலைதான் பாக்குது. உமக்கு வியூஸ்?"

"சரி, ஒரு சமரசம். தலைப்புக்குப் பின்னாலை ஒரு கேள்விக்குறி போட்டுவிடுறன்."

"அருமை," என்றார் விக்னராஜா. "இரு தரப்புக்கும் இடமிருக்கு."

டொக்டர் பார்த்தசாரதி கையைத் தூக்கினார். "லெட்டர்ல என் பேரு மட்டும் வராம பாத்துக்கோங்க சார். ஆனா எமிலியானுஸுக்கு என் முழு ஆதரவு உண்டு. மனசார."

"மூண்டு வரி எழுத மூண்டு கூட்டம்!" யோகா கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "நீங்கள் இருந்து கதையுங்கோ. நான் போட்டு வாறன்."

அவர் திரும்பி வரவில்லை. மறுநாள் காலை விக்னராஜாவே கடிதத்தை எழுதி முடித்தார். மனைவிக்கு உரக்க வாசித்தும் காட்டினார். அதன் தமிழ் மூலம் பின்வருமாறு:

'திரு. எமிலியானுஸ் எமது மேடையில் துப்பாக்கிக்கு ஆதரவாகப் பேசினார் என்பது உண்மை. அவர் அதை நம்பித்தான் பேசினார் என்று கூற எம்மிடம் ஆதாரம் இல்லை. நம்பாமல் பேசினார் என்று கூறவும் எம்மிடம் ஆதாரம் இல்லை. மிகுந்த உணர்ச்சியோடு பேசினார். அவர் நல்லவர் என்று பலர் கூறுகின்றனர். ஏனையோரின் கருத்து இன்னும் திரட்டப்படவில்லை. இவ்விடயத்தில் சபை நடுநிலை வகிக்கிறது.'

கட்சியைக் கொடுத்தவர் யார் என்பது பற்றிக் கடிதத்தில் ஒன்றும் இல்லை. விக்னராஜா தம்மைத் தாமே முன்னிறுத்திக்கொள்ளும் வழக்கம் இல்லாதவர்.

எமிலியானுஸ் கடிதத்தை வாங்கிக்கொண்டு போனார். அடுத்த நாள் பின்னேரம் அதே உறையோடு திரும்பி வந்தார். வேலையிலிருந்து நேரே வந்திருந்தார். கைகளில் சீமெந்துத் தூசி. உள்ளே வரச்சொல்லியும் வரவில்லை.

"என்ன தம்பி, கடிதம் காணாதோ?"

"காணும் ஐயா. கூடிப்போச்சு. இதைக் குடுத்தால் வீடியோவுக்கு முதல் இந்தக் கடிதத்துக்குத்தான் விளக்கம் எழுத வேண்டி வருமாம். லோயர் பிள்ளை சொன்னவ."

"அப்ப என்ன செய்யப்போறீர்? நாளண்டைக்குக் கடைசி நாளெல்லோ?"

"யோகா அக்கா தன்ர பேரிலை மூண்டு வரி எழுதித் தந்தவ. கட்சியைச் சபைதான் குடுத்தது, கைதட்டலுக்குப் பிறகு நான் சொன்னதையும் தான் கேட்டனான் எண்டு. இண்டைக்குக் காலமை அனுப்பியாச்சு. இனி என்ன நடக்குமெண்டு தெரியாது."

விக்னராஜா உறையை வாங்கிக்கொண்டார். யோகா இப்படி ஒரு பக்கம் சாய்ந்து எழுதியது செயலாளர் பதவிக்கு அழகல்ல என்று பட்டது. அடுத்த கூட்டத்தில் அதைக் கிளப்ப வேண்டும். எனினும் பெருந்தன்மையோடு சொன்னார்: "குறை நினையாதையும். நான் உமக்கு ஒரு கெடுதலும் செய்யேல்லை. நடுவிலைதான் நிண்டனான்."

எமிலியானுஸ் கைத்தூசியைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"ஐயா, இந்த நாட்டிலை ஒரு துவக்கு வச்சிருக்கிறதெண்டால் ஏன் வேணுமெண்டு காரணம் சொல்ல வேணும். பொலிஸிலை பதிய வேணும். இரும்புப் பெட்டியிலை போட்டுப் பூட்ட வேணும். உங்கட நடுநிலையை மட்டும் எப்பிடி ஐயா சும்மா வெளியிலை கொண்டு திரிய விட்டிருக்கிறாங்கள்?"