பாதிவழிக்காரன்

‘லேடி மார்ஜரி’ கப்பல், நூலக அறை,
இந்துமாக்கடலில் எங்கேயோ.

அன்பு மகள் லோர்னாவுக்கு,

அப்பா ஹெட்லி ஸ்டாபர்ட் ஆசிகளுடன் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சளி, இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என்னைப் பற்றிக் கேட்டால், உடம்பு சுகம். மற்றபடி சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. இதைக் கையால் எழுதுகிறேன். நூலகத்துப் பெண் இதைப் போட்டோ பிடித்து உன் போனுக்கு அனுப்பிவிடுவாள். படிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறாள். படித்தால் அவளுக்கும் என் ஆசிகள்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாளை மறுநாள் கப்பல் மொரீஷியஸ் தீவில் நிற்கும்போது நான் இறங்கிவிடப் போகிறேன். அங்கிருந்து விமானம் பிடித்து நியூகாசிலுக்கு வருகிறேன். நீ கார் எடுத்துக்கொண்டு வந்துவிடு, என் கனமான கோட்டையும் கொண்டுவா. உன் அம்மா என்னோடு வரவில்லை. அவள் உலகத்தை முழுசாகச் சுற்றி முடித்துவிட்டு மெதுவாக வருவாள்.

நான் கிளம்பும்போதே நீ சொன்னாய். “அப்பா, அம்மா ஏப்ரல் கடைசியில வீட்டு வாசல்ல வந்து நிக்கப் போறாங்க. அதுவரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருங்க” என்றாய். எனக்கு எத்தனை பல், அதில் எத்தனை சொந்தப் பல் என்பது உனக்குத் தெரியாததா? ஜனவரியில் அவளைக் கப்பலேற்றிவிட்டுத் திரும்பியபோது நான் அழக்கூட இல்லை. நான் ஏன் கூடப் போகவில்லை என்பது நம் ஊர் ஆஷிங்டன் முழுவதற்கும் தெரியும். கண்ணாடிக் குடிலில் வெங்காய இனத்து லீக்ஸ் நாற்று முளைத்திருந்த நேரம். செப்டம்பரில் போட்டி மேஜை ஏற வேண்டிய செடியை ஜனவரியில் விட்டுவிட்டுப் போகிறவன் எங்கள் லீக்ஸ் சங்கத்தில் ஒருவனும் கிடையாது. தவிர, படகில் ஆற்றைக் கடந்தாலே எனக்கு வயிறு புரளும். “நீ போய்ட்டு வா நொரீன், நான் செடியப் பாத்துக்கறேன்” என்றேன். அவளும் போய்விட்டாள். முதல் வாரம் ராஜா மாதிரி இருந்தேன். பீன்ஸை டப்பாவிலிருந்தே தின்றேன், பூட்ஸோடு சோபாவில் படுத்தேன், கேட்க ஆளில்லை. கேட்க ஆளில்லாவிட்டால் அதிலெல்லாம் ஒரு ருசியும் இல்லை என்பது அடுத்த வாரம்தான் தெரிந்தது. பத்திரிகைக் குறுக்கெழுத்தில் இடமிருந்து வலம் நான், மேலிருந்து கீழ் உன் அம்மா, கல்யாணமானதிலிருந்து அப்படித்தான். அவள் போனபின் என் பாதியை மட்டும் போட்டு, அவள் பாதியை விட்டு, பத்திரிகையை மடித்து மடித்து வைத்தேன். அடுக்கு முழங்கால் உயரம் வந்துவிட்டது. ஒரு நாள் குடிலுக்குள் நின்று, “நொரீன், வெளிய காத்து பலமா இருக்குல்ல?” என்று லீக்ஸ் செடியைக் கேட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பக்கத்து வீட்டு ஆர்ச்சி கேட்டுவிட்டான். “ஹெட்லி, நீ கெளம்புப்பா. செடிய நான் பாத்துக்கறேன்” என்றான். வருஷாவருஷம் எனக்கு எதிராகப் போட்டியிடுகிறவன் என் செடிக்குத் தண்ணீர் ஊற்ற முன்வருகிறான் என்றால், நான் எந்த லட்சணத்தில் இருந்திருப்பேன் என்று நீயே பார்த்துக்கொள்.

சிங்கப்பூரிலிருந்து கேப் டவுன் வரை ஒரு பகுதிக்கு மட்டும் இடம் கிடைத்தது. உன் அம்மாவிடம் மூச்சு விடவில்லை. திடீரென்று போய் நின்றால் ஓடிவந்து கட்டிக்கொள்வாள், பாண்டு வாத்தியம் வாசிக்கும் என்றெல்லாம் விமானத்தில் கற்பனை பண்ணிக்கொண்டு வந்தேன். ஏறிய அன்று இரவுச் சாப்பாட்டுக்கு, கோட்டு மாட்டிக்கொண்டு, பரிமாறுகிற ரெனாட்டோவிடம் மிஸஸ் ஸ்டாபர்ட் எந்த மேஜை என்று கேட்டேன். காட்டினான். எட்டு நாற்காலி, ஏழு பேர். அவர்களில் உன் அம்மா இல்லை. அப்படியானால் மிச்ச நாற்காலி யாருடையது என்று சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரிந்திருக்கும். பூமியில் பாதியைப் பறந்து வந்த களைப்பில் எனக்குத் தெரியவில்லை. போய் உட்கார்ந்துவிட்டேன். நம் ஜனங்களைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, வீடு பற்றி எரிந்தாலும் “கொஞ்சம் புழுக்கமா இருக்கோ?” என்பார்கள். இரண்டு மாதத்துக்கு மேலாக ஒரே மேஜை, ஒரே நாற்காலி என்று இருக்கிறவர்கள் நடுவில் எவனோ ஒருத்தன் வந்து உட்கார்ந்திருக்கிறான். ஏழு பேரில் ஒருவராவது, ஐயா, இது வேறொருத்தர் இடம் என்று சொல்ல வேண்டுமே! வெண்ணெயைத் தள்ளினார்கள். ரொட்டியைத் தள்ளினார்கள். எதிரில் இருந்த மிஸ்டர் ஆம்ப்ளர், போர்ன்மத்தில் பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், தொண்டையைச் செருமிக்கொண்டு, “சார் ரொம்ப நாளா கப்பல்ல இருக்கீங்களோ?” என்றார்.

“இல்லீங்க, இன்னிக்கி மத்தியானம்தான் ஏறினேன்.”

“ஓ” என்றார்கள் ஏழு பேரும் சேர்ந்து. அப்புறம் சூப் முடியும்வரை வெயிலைப் பற்றியே பேசினோம்.

அப்போது உன் அம்மா வந்தாள். முடியைக் குட்டையாகக் கத்தரித்து, வெயிலில் நிறம் ஏறி, நான் பார்த்தே இராத பச்சை உடையில் நடந்து வந்தாள். அந்த நிமிஷம் அவளைக் கல்யாணத்துக்குக் கேட்க வேண்டும் போலிருந்தது. ஏற்கெனவே கேட்டாயிற்று என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. அவள் என்னைப் பார்த்தாள், மேஜையைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள்.

“ஹெட்லி, அது என் நாற்காலி.”

“அதத்தான் நாங்களும் எப்படிச் சொல்றதுன்னு பாத்துக்கிட்டிருந்தோம்” என்றார் ஆம்ப்ளர். மேஜை முழுவதும் பெருமூச்சு விட்டது. நான் எழுந்து நின்றேன், கழுத்தில் நாப்கினோடு.

“லீக்ஸ யாரு பாத்துக்கறா?” என்றாள்.

“ஆர்ச்சி.”

“வீட்ட?”

“பூட்டிட்டு வந்தேன்.”

அவள் முகம் அப்படியே விழுந்துவிட்டது. என் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்தாள், ஒப்புக்கு. ரெனாட்டோ என்னை மரியாதையாக முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போய், என் பந்தி ஆறு மணிக்கே முடிந்துவிட்டது என்று தெரிவித்தான்.

இங்கே இரண்டு ஜாதி, மகளே. கிளம்பிய இடத்திலிருந்து சுற்றி வந்து அதே இடத்தில் இறங்குகிறவர்கள் முழுவழிக்காரர்கள். அவர்களுக்குச் சட்டையில் குத்திக்கொள்ளத் தங்க நிறத்தில் ஒரு சின்ன நங்கூரம் உண்டு. நடுவில் ஏறி நடுவில் இறங்குகிற நாங்கள் பாதிவழிக்காரர்கள். எங்களைப் பார்த்து அவர்கள் சிரிப்பார்கள், பேரைக் கேட்கமாட்டார்கள். எப்படியும் இறங்கிவிடுவோமே, பேரைக் கேட்டு என்ன பிரயோஜனம்? உன் அம்மாவின் அறை ஒற்றைக் கட்டில் அறை. என் அறை அடித்தளத்தில், ஜன்னல் இல்லாமல், இயந்திரத்துக்குப் பக்கத்தில். அவள் சாப்பிடுவது எட்டரைக்கு. அந்த மேஜையில் ஒன்பதாவது நாற்காலி போட இடமில்லையாம். அவளைப் பார்க்க நான் முன்கூட்டியே நேரம் கேட்க வேண்டியிருக்கிறது. காலையில் பாட்டுக் குழு, அப்புறம் நடனம், அப்புறம் ஆம்ப்ளரோடு வினாடிவினா. கொழும்பில் இறங்கி நானும் அவளும் தனியாகச் சுற்றலாம் என்று ஆசையாகக் காத்திருந்தேன். மேஜை முழுவதும் கூட வந்தது. பெட்டி நிறையக் கொண்டுவந்த பாதிக் குறுக்கெழுத்துகளை நீட்டினேன். “அப்படி வெச்சிரு ஹெட்லி, அப்புறம் பாக்கலாம்” என்றாள். அவள் பேசும்போதெல்லாம் என்னைத் தாண்டி வேறெங்கோ பார்க்கிறாள். பக்கத்திலேயே இருக்கிறாள் லோர்னா, ஆனாலும் ஆஷிங்டனில் தனியாக இருந்தபோது ஏங்கியதைவிட இங்கே அதிகமாக ஏங்குகிறேன்.

நேற்று பூமத்தியரேகையைக் கடந்தோம். முதல் தடவை கடக்கிறவனைக் கடல் ராஜா விசாரணை செய்து, தண்டனை கொடுத்து, மீனுக்கு முத்தம் கொடுக்கவைத்த பிறகுதான் அந்தப் பக்கம் விடுவது கப்பல் வழக்கம். முழுவழிக்காரர்கள் எல்லோரும் முன்பே அனுபவித்தாகிவிட்டது, மாட்டியது பாதிவழிக்காரர்கள். ஆம்ப்ளர்தான் ராஜா, பஞ்சுத் தாடியும் தகரக் கிரீடமுமாக. உன் அம்மா நீதிமன்ற குமாஸ்தா, தலையில் பச்சை நூல் பாசியோடு. ஒருத்தர் குறட்டை விட்டது குற்றம், ஒருத்தர் இரண்டு தட்டு புட்டிங் எடுத்தது குற்றம் என்று அவள் வாசிக்க வாசிக்க ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒவ்வொருவர் தலையிலும் ஒரு வாளி கஸ்டர்ட். என் முறை வந்தது. கையிலிருந்த காகிதத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

“இவர் பேரு ஹெட்லி ஸ்டாபர்ட். குற்றம், இருக்க வேண்டிய இடத்துல இல்லாம கெளம்பி வந்தது.”

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. நான் மீனுக்கு முத்தம் கொடுத்தேன். அதுவும் முகத்தைத் திருப்பிக்கொண்டது போலத்தான் இருந்தது. கஸ்டர்ட் கண்ணில் வழிந்ததனால் மற்றது யாருக்கும் தெரியவில்லை. நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் குழாயடியில் ரொம்ப நேரம் நின்றேன். அப்போது ஆம்ப்ளர் உன் அம்மாவிடம், “அடுத்த வருஷம் நீங்க இல்லாம நம்ம மேஜையா, நொரீன்?” என்று கேட்பது காதில் விழுந்தது. அவள் என்ன பதில் சொன்னாள் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

ஆகவே இறங்கிவிடுகிறேன். சண்டை எதுவும் இல்லை. அவள் ஆசைப்பட்ட உலகம் அவளுக்குக் கிடைத்திருக்கிறது, அதில் என் நாற்காலி இல்லை, அவ்வளவுதான். நேராக வீட்டுக்குப் போய் அந்தச் சுவர்களைப் பார்க்க மனசு வராது. கொஞ்ச நாள் உன் மாடி அறையில் இருந்துகொள்கிறேன். மாப்பிள்ளைக்குத் தொந்தரவு கொடுக்கமாட்டேன் என்று சொல். ஆர்ச்சிக்கு என் வணக்கம், செடிக்கு அதிகமாகத் தண்ணீர் ஊற்றவேண்டாம் என்றும் சொல். பேரனுக்கு நூறு முத்தங்கள். நீங்கள் எல்லோரும் நிறைந்த ஆயுளோடு, ஒருத்தரை ஒருத்தர் பிரியாமல் இருக்க ஆண்டவர் அருள் செய்யட்டும்.

இப்படிக்கு,
பாதி வழியில் திரும்புகிற உன் அப்பா,
ஹெட்லி ஸ்டாபர்ட்

பி.கு.: விமான நிலையத்துக்கு வரவேண்டாம். நூலகத்துப் பெண் இன்னும் வரவில்லை, அதனால் இதையும் சேர்த்துவிடுகிறேன். இதை எழுதி வைத்துவிட்டு நான் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது உன் அம்மா வந்தாள். “என்ன பண்ற?” என்றாள். இறங்கப் போகிறேன், என்னைப் பார்த்ததில் உனக்குச் சந்தோஷம் இல்லை என்றேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து மணிக்கட்டை நீட்டினாள். கடிகாரம் தப்பு நேரம் காட்டியது. “இது ஊரு நேரம். ஜனவரியிலேர்ந்து மாத்தவே இல்ல. எந்தக் கடல்ல இருந்தாலும் இதுல சாயங்காலம் நாலு ஆச்சுன்னா, ஹெட்லி இப்ப சமையல் ரூம்ல லைட்டப் போட்டு கெட்டில வெச்சிருப்பான்னு நெனச்சுக்குவேன். மண்ணுக் கையோட டீத்தூள் டப்பாவத் தொறப்பான், திட்டணும்னு நெனச்சுக்குவேன். ஒரு நிமிஷம் நானும் அங்க இருந்துட்டு வருவேன். அதனாலதான் இவ்ளோ தூரம் வர முடிஞ்சுது. நீ இங்க வந்து நின்ன பாரு, எனக்கு மொதல்ல தோணினதே, ஐயோ, அப்ப அங்க யாருமே இல்லையேன்னுதான். வீடு இருட்டாக் கெடக்குமே, ஹெட்லி” என்று சொல்லி அழுதுவிட்டாள். நானும் அழுதேன், இந்தத் தடவை கஸ்டர்ட் இல்லாமலே. “சரி, அப்ப நான் போய் லைட்டப் போடறேன்” என்றேன். “இப்ப போனேன்னா உதை வாங்குவ. வந்தது வந்துட்ட, கேப் டவுன் வரைக்கும் இரு” என்றாள். ஆகையால், மகளே, ஆர்ச்சியிடம் சாவி வாங்கிக்கொள். தினம் நாலு மணிக்கு நம் வீட்டுக்குப் போய், சமையலறை விளக்கைப் போட்டு, கெட்டிலை வைத்து, கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திரு. அப்போது இங்கே எட்டு மணி, நாங்கள் இருவரும் மேல்தளத்தில் நின்றுகொண்டிருப்போம். கேப் டவுனில் இறங்கி வந்து அந்த வேலையை நான் வாங்கிக்கொள்கிறேன். அதுவரை நீதான். இன்றைக்கே போய்விடு லோர்னா, நாலு மணியைத் தவறவிடாதே. அம்மா பார்த்துக்கொண்டிருப்பாள்.