எக்ஸ்பிரஸ் கையில் கொடுத்த கவர்

ஜி.எஸ்.டி. சாலையில் பெட்ரோலில் ஓடாமல் டீயிலேயே ஓடிய ஒரே வண்டி எங்கள் எக்ஸ்பிரஸ் அண்ணன்தான். நத்தை வேகத்துக்கு நாங்கள் வைத்த பெயர் அது.

மேற்குத் தாம்பரத்தில் எங்கள் கம்பெனியின் சின்ன ஆபீஸ். தொழிற்சாலையும் முதலாளியும் சிங்கப்பெருமாள் கோவிலில். இரண்டுக்கும் நடுவே கவர் கொண்டுபோனவர், ஐம்பதைத் தாண்டிய எக்ஸ்பிரஸ். அக்கவுண்டன்ட் அவரை பியூன் என்பார், டைப்பிஸ்ட் அட்டெண்டர் என்பார், முதலாளி எடுபிடி என்பார்.

"எப்டி வேணா கூப்டு சார். கவர் மேல பேரு கரீட்டா கீதா, அத்த பாரு" என்பார் அவர்.

அவருக்கு ஒரு பெருமை உண்டு. அவர் கைக்குப் போன கவர் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. பெயருக்குரியவரின் கையில்தான் கொடுப்பார். நீல நோட்டில் கையெழுத்து வாங்குவார். குளித்துக்கொண்டிருந்த முதலாளியிடம் கதவிடுக்கில் நோட்டை நீட்டியவர். அவருக்கு ஒரு செல்போன் வாங்கிக் கொடுத்தோம். மறுநாள் அது ஒரு கவருக்குள் என் மேஜைமேல் கிடந்தது.

"கத்திகினே கீது சார். யார் கைல குடுக்கணும்னு சொல்லு."

ரெண்டாயிரத்து நாலு வாக்கில் ஒரு காலை, முதலாளி என்னை போனில் திட்டினார். ஸ்பீக்கரில். ஆபீஸ் மொத்தமும் ஃபைலைப் பார்ப்பதுபோல் கேட்டது. ரோஷத்தில் ராஜினாமா எழுதி, ஒட்டி, எக்ஸ்பிரஸ் கையில் திணித்தேன். ரோஷம் ஒரு காபி குடிக்கும் நேரம் நீடித்தது. டம்ளரைக் கீழே வைத்ததும் வீடு ஞாபகம் வந்தது. மனைவிக்கு எட்டாவது மாதம். கூடவே மாமியார்.

ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரை விரட்டினேன்.

இரும்புலியூர் டீக்கடை பாய் சொன்னார்: "இப்பத்தான் கிளம்புனாரு சார். எம் பொண்ணோட ஹால் டிக்கெட்ட வாங்கியாந்து குடுத்தாரு. டீ போடவா?"

"உயிரே போகுது பாய்!"

"அப்ப சுக்கு காபி?"

ஊரப்பாக்கம் ஜெராக்ஸ் கடை அக்காவிடம் மூச்சிரைக்க நின்றேன். "எக்ஸ்பிரஸ் அண்ணன் ஆபீசா நீங்க? உக்காருங்க சார்! எங்க மாமனாருக்கு மாத்திரை குடுத்துட்டு பஸ் ஏறிட்டாரே. ஏன் சார் அழறீங்க?"

"தூசி" என்றேன்.

மேனேஜர் என்று சொல்லி அந்தச் சாலையில் எனக்கு ஒரு ஸ்டூல்கூடக் கிடைத்ததில்லை. அவர் ஆபீஸ்காரன் என்றதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். அந்தப் பதற்றத்திலும் என் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. நடுவழியில் நிற்கிறார் என்று தினமும் அவரைத் திட்டியவன் நான். அன்றைக்கோ, இன்னும் இரண்டு டீ குடிக்கட்டும் என்று சிங்கப்பெருமாள் கோவில் நரசிம்மரை வேண்டிக்கொண்டே போனேன்.

தொழிற்சாலை கேட்டுக்கு எதிரே ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"வண்டிய ஆஃப் பண்ணு சார் மொதல்ல."

"அண்ணா, என் கவர்!"

"மத்ததெல்லாம் குட்த்தாச்சு. உன்னுது மட்டும் கீது."

"திருப்பிக் குடுத்துடுங்கண்ணா."

அவர் முகம் வாடியது. "என் கைக்கு வந்தது திரும்பிப் போனதில்ல சார்."

அவர் தன் வேகத்திலேயே யோசித்தார். பிறகு பேனாவை நீட்டினார்.

"முதலாளி பேர அட்ச்சிட்டு உன் பேர எழுது."

எழுதினேன். எழுந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, முதலாளிக்குக் கொடுப்பதுபோலவே இரண்டு கையாலும் நீட்டினார்.

"உங்களுக்கு ஒரு கவர் சார். நோட்ல கையெழுத்து போடுங்க."

போட்டேன். இ.சி.ஜி. மாதிரி வந்தது.

"நான் வரலன்னா என்னண்ணா பண்ணியிருப்பீங்க?"

"அஞ்சு மணிக்கு அவர் கைல குட்த்திருப்பேன். டூட்டி. குடுக்கசொல்லோ உன் கை நடுங்கிச்சு. அதான் கடைசியா வெச்சேன்."

அவர் ஓய்வு பெற்றுப் பல வருடமாகிறது. இப்போது கோபம் வந்தால் மெயில்தான். நொடியில் போய்ச் சேர்ந்துவிடும். இரும்புலியூரில் டீக்கு நிற்கத் தெரியாது. அதனால் எழுதி, அனுப்பாமல் அப்படியே வைத்துவிட்டு, எக்ஸ்பிரஸ் அண்ணன் கையில் கொடுத்திருப்பதாக நினைத்துக்கொண்டு ஐந்து மணி வரை காத்திருப்பேன்.

இதுவரை எல்லாக் கவரும் என் பெயருக்கே வந்து சேர்ந்திருக்கின்றன.