நான் கேட்ட பர்மியக் கேள்வி

தனியாக இருப்பவன் எதையும் தெரியாது என்று சொல்லமாட்டான். சொன்னால் பேச்சு அதோடு முடிந்துவிடும் அல்லவா?

எண்பதுகளின் கடைசியில் தோர்ண்டன் ஹீத் என்ற வெள்ளைக்காரர் ஊரில் ஓர் அறையில் இருந்தேன். பெற்றோல் ஷெட்டில் இரவு ஷிப்ட். பல நாட்களில் நான் வாய் திறப்பது மிச்சக்காசு கொடுக்கும்போது மட்டும்தான். அப்போது பக்கத்துத் தமிழ்க் கடைக்காரர் செல்வம் அண்ணை கேட்டார்:

“நீ ரங்கூனில பிறந்தனி எல்லே? குரோய்டனில ஒரு லோயருக்குப் பர்மியம் தெரிஞ்ச ஆள் வேணுமாம். ஏலுமோ?”

“ஓம் அண்ணை, தண்ணிபட்ட பாடு.”

(ஏழு வயதில் ரங்கூனை விட்டு எங்கள் ஊருக்கு வந்தவன் நான். தெருப் பிள்ளைகளோடு விளையாடிப் பழகிய பர்மியம்தான் கைவசம்.)

லோயரின் அலுவலகத்தில் காத்திருந்த அகதி விண்ணப்பக்காரர் ஊ தின், கோட் அணிந்த பெரியவர். பர்மிய மொழியின் எழுத்துக்கூட்டலைத் தீர்மானிக்கும் அரச ஆணைக்குழுவில் இருபது வருடம் வேலை பார்த்தவராம்.

“எதற்கு அஞ்சி இங்கே தஞ்சம் கோருகிறார் என்று கேளுங்கள்” என்றார் லோயர்.

‘தஞ்சம்’ எனக்குத் தெரியாது. ‘அரசாங்கம்’ தெரியாது. பெரியவர்களை மரியாதையாக அழைக்கவும் தெரியாது. தெரிந்ததை வைத்துக் கேட்டேன். தமிழில் சொன்னால் இப்படி வரும்: “டேய், நீ பேய்க்குப் பயந்தோ இஞ்ச ஒளிச்சு விளையாட வந்தனி?”

ஊ தின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு லோயரைவிட நல்ல ஆங்கிலத்தில் தன் கதை முழுவதையும் சொன்னார். நான் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இவ்வளவு ஆங்கிலம் தெரிந்தும் எதற்கு மொழிபெயர்ப்பாளர் கேட்டீர்கள்?” என்றார் லோயர்.

“ஆறு மாதமாக என் மொழியில் யாரும் என்னோடு பேசவில்லை. இவர் கேட்டதில் ஒரு சொல்கூடச் சரியில்லை. ஆனாலும் இருக்கட்டும், அனுப்பிவிடாதீர்கள்.”

அவருக்கு விசா கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் என் அறைக்கு வருவார். நான் சோறு சமைப்பேன், அவர் என் பர்மியத்தைத் திருத்துவார்.

மோர்டனில் என் கலியாணம் நடந்தபோது மாப்பிள்ளை பக்கம் செல்வம் அண்ணையும் அவரும்தான். “ஆர் இவர்?” என்று பெண் வீட்டார் கேட்க, “என்ரை சொந்தக்காரர்” என்றேன். அந்தச் சொந்தக்காரர் பந்தியில் உட்கார்ந்து, அன்று நான் கேட்ட ஒளிச்சு விளையாட்டுக் கேள்வியை எல்லாருக்கும் ஆங்கிலத்தில் விளக்கிவிட்டார்.

இன்றைக்கும் மனைவி வீட்டில் நான் ‘ஒளிச்சான் மாப்பிள்ளை’தான்.