எண்பத்தெட்டு டிகிரி டிகாக்‌ஷன்

வலியசாலை, திருவனந்தபுரம்
ஏப்ரல் 27

மதிப்பிற்குரிய சித்தப்பாவுக்கு மாளவிகா அநேக நமஸ்காரங்களுடன் எழுதுவது. இந்தக் கடிதத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். என்னைப் பற்றி மோசமாகத் தெரியக்கூடிய இடங்களையும் விட்டுவிட மாட்டேன். இங்கே எல்லோரும் சௌக்கியம், பள்ளிக்கூட லேபிலிருந்து நான் கேட்டு வாங்கி வந்த தெர்மாமீட்டரைத் தவிர. மலை மேல் லேயில் நீங்களும் உங்கள் வானிலை நிலையத்துக் கருவிகளும் சௌக்கியம்தானே? போனில் கேட்டிருக்கலாம். ஆனால் நம் வீட்டில் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசும், அதனால்தான் இவ்வளவும் நடந்தது.

முதல் தவறு உங்களுடையது என்பதை மரியாதையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். போன மாதம் பேசும்போது, "இங்கே பதினோராயிரம் அடி உயரம், தண்ணி எண்பத்தெட்டு டிகிரியிலேயே கொதிச்சுடறது, டிகாக்‌ஷன் பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி இறங்கறது" என்று சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். சித்தி சிரிக்கவில்லை. பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள். அன்றிலிருந்து அவளுடைய மே பதினெட்டாம் தேதி லே டிக்கெட்டைப் பற்றி யார் கேட்டாலும், "காப்பி இறங்காத ஊருக்கு நான் வந்து என்ன பண்றது?" என்றுதான் பதில். கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் நீங்கள் இருவரும் சேர்ந்து இருந்தது நாற்பத்தொரு நாள் என்று அம்மா அப்பாவிடம் சொன்னதை, கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன் (மோசமாகத் தெரியக்கூடிய இடம் ஒன்று). சித்தி போய்விட்டால் என் அறையில் பேச்சுத்துணைக்கு ஆள் இருக்காது. இருந்தாலும் அவள் உங்களிடம் போவதுதான் நியாயம் என்று தோன்றியது. காப்பிதான் தடை என்றால் அதை அறிவியலால் நீக்கிவிடலாம் என்று நினைத்தேன்.

ஆகவே தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டு தண்ணீரைக் கொதிக்கவிட்டு, எண்பத்தெட்டுக்கு ஆறியதும் ஒரு ஃபில்டரிலும், கொதிக்கக் கொதிக்க இன்னொரு ஃபில்டரிலும் விட்டு, இரண்டு டம்ளர் காப்பி கலந்து சித்தியிடம் நீட்டினேன். எது எது என்று சொல்லவில்லை. இரண்டையும் குடித்துப் பார்த்துவிட்டு, "இதுதான் நம்மாத்துக் காப்பி. அது லே காப்பி, தூர வை" என்றாள். அவள் நம்மாத்துக் காப்பி என்று கையில் பிடித்துக்கொண்டதுதான் எண்பத்தெட்டு! சந்தோஷத்தில் நான் குதித்ததில் தெர்மாமீட்டர் மேடையிலிருந்து உருண்டு விழுந்து இரண்டாகிவிட்டது. சித்தியோ, "அப்போ நீ அதுல பால் ஜாஸ்தி விட்டிருப்பே" என்று ஒரே வார்த்தையில் என் ஆராய்ச்சியைத் தள்ளிவிட்டாள். வெந்நீரை நம்பிப் பிரயோஜனமில்லை என்று வாசகசாலைக்குப் போனேன். நூலகர் ரெஜி சேச்சி தேடிக்கொடுத்த புத்தகத்தில், காப்பிப்பொடியைப் பச்சைத்தண்ணீரில் பன்னிரண்டு மணி நேரம் ஊறவைத்தாலே போதும், அடுப்பே வேண்டாம் என்று போட்டிருந்தது. அடுப்பே வேண்டாம் என்றால் உயரம் என்ன செய்யும்? படித்தவுடன் சத்தமாக "கிட்டிப்போயி, கிடைச்சுடுத்து!" என்று கத்தியதற்கு ரெஜி சேச்சி என்னை வெளியே பெஞ்சில் உட்காரவைத்தாள்.

ஆனால் நம் வீட்டுச் சட்டம் உங்களுக்குத் தெரியுமே. நேற்றைய டிகாக்‌ஷனை யாருக்கும் கொடுக்கக்கூடாது. சாயங்காலம் நான் ஃப்ரிட்ஜில் ஊறவைத்ததைக் காலையில் அம்மா கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிட்டாள். "பழசை எவடி இப்படி ஃப்ரிட்ஜுல ஒளிச்சு வெச்சது? யாராவது வந்தா நம்மளைப் பத்தி என்ன நெனப்பா?" என்று கேள்வி வேறு. மறுநாள் பாத்திரத்தின் மேல் 'ஆராய்ச்சி, கொட்டாதே' என்று எழுதி ஒட்டினேன். அம்மா தொடவில்லை. அப்பாவுக்குக் கண்ணாடி கையில் இல்லை. ரசம் என்று நினைத்துச் சூடுபண்ணிச் சாதத்தில் விட்டுப் பிசைந்து இரண்டு கவளம் சாப்பிட்டுவிட்டு அம்மாவிடம், "லலிதா, இன்னிக்குப் புளி கொஞ்சம் பழசோ?" என்றார். மூன்றாம் தடவை, எல்லோருக்கும் தெரியட்டும் என்று கண்ணாடி ஜாடியில் வைத்தேன். அது மாங்காய் ஊறுகாய் ஜாடி. கழுவித்தான் வைத்தேன், ஆனால் போதாது.

நாலாவது தடவை சித்தியே இரக்கப்பட்டு வந்தாள். நல்ல ஜாடி கண்டுபிடித்து, புதுத் தோர்த்துத் துண்டில் வடிகட்டி, குளிர்ந்த பாலும் சக்கரையும் ஐஸும் போட்டோம். சித்தப்பா, இங்கே இப்போது என்ன உஷ்ணம் தெரியுமா, குளித்துத் துவட்டுவதற்குள் மறுபடி வேர்க்கிறது, கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு நின்றால் கைப்பிடிக் கம்பியைத் தொட முடியவில்லை. அந்த வெயிலில் வந்து இந்தக் காப்பியை ஒரு வாய் குடித்தால் காதுக்குப் பின்னால்கூடக் குளிர்கிறது. சித்தி கண்ணை மூடிக்கொண்டு முழு டம்ளரையும் குடித்துவிட்டு, "கொள்ளாம்டி, நன்னாயிருக்கு" என்றாள். அம்மா, "பச்சத்தண்ணில ஊறப்போட்டதை எல்லாம் காப்பின்னு சொல்லப்படாது" என்று சொல்லிக்கொண்டே ருசி பார்த்தாள், ரெண்டு டம்ளர். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்போதுதான் சித்தி கேட்டாள், "ஏண்டி, அங்கே மே மாசத்துலயும் ஸ்வெட்டர் போட்டுண்டு இருக்கா. நான் அங்க போய் ஐஸ் காப்பி குடிச்சுண்டு நடுங்கணுமாக்கும்?"

சித்தப்பா, இதை நான் யோசிக்கவே இல்லை. லேயின் கஷ்டத்துக்குத் திருவனந்தபுரத்துக்கான மருந்தைக் கண்டுபிடித்திருக்கிறேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. சித்தி பயந்துபோய், "அட அசடே, அந்த டிகாக்‌ஷனைச் சுடச்சுடப் பால்ல விட்டாப் போறது, அவ்வளவுதானே?" என்று உடனே கலந்தும் கொடுத்தாள். நன்றாகவே இருந்தது. "அப்போ போவியா?" என்றேன். டம்ளரை வாங்கிக் கழுவப் போட்டாள். "காப்பி காரணம் இல்லடி. மூச்சு முட்டும்கறா. பாஷை தெரியாது. உன் சித்தப்பா காலம்பற போனா ராத்திரிதான் வருவார். அதுவரைக்கும் யாரோட பேசறது? பயமா இருக்குன்னு சொன்னா எல்லாரும் புத்தி சொல்ல வந்துடுவா. காப்பி சரியில்லேன்னா நம்மாத்துல யாரும் மறுபேச்சு பேச மாட்டா, அதான்" என்றாள்.

இதற்கு என்னிடம் அறிவியல் இல்லை. ஆகவே என் முடிவு: சித்தி மே பதினெட்டாம் தேதி வரமாட்டாள். டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு, உயரம் குறைந்த ஊருக்கு மாற்றல் கேளுங்கள். முடியாவிட்டால், அவள் பகலில் யாரோடு பேசுவாள் என்ற ஒரு கேள்விக்காவது பதில் எழுதுங்கள். குளிரில் காதை மூடிக்கொள்ளவும். அம்மா அப்பாவின் ஆசீர்வாதமும் என் நமஸ்காரமும்.

இப்படிக்கு,
உங்கள் கீழ்ப்படிந்த மகள் முறை,
மாளவிகா, ஒன்பதாம் வகுப்பு

பின்குறிப்பு: இதை வாசகசாலையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். என்னைக் கூட்டிப்போக வந்த சித்தி தோளுக்குப் பின்னாலிருந்து முழுவதையும் படித்துவிட்டாள். கோபிப்பாள் என்று நினைத்தேன். "பயமா இருக்குன்னுதானே சொன்னேன், வரமாட்டேன்னு எப்போ சொன்னேன்?" என்கிறாள். அவள் கைப்பையில் இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை இருக்கிறது. புதன்கிழமையே சாலைக் கடைத்தெருவில் வாங்கினாளாம், இந்த வெயிலில் அதைக் கேட்டதற்குக் கடைக்காரர் அவளை ஒரு மாதிரி பார்த்தாராம். புதன்கிழமை என்றால் நான் அழுததற்கு மறுநாள்! எனவே மேலே உள்ள முடிவை அடித்துவிடவும், டிக்கெட்டைத் தொடவே வேண்டாம். சித்தி சொல்லச் சொல்ல எழுதுகிறேன்: "ஏர்போர்ட்டுக்கு நீங்களே வரணும், ஆபீஸ் ஆளை அனுப்பப்படாது. சாயங்காலம் ஆறு மணிக்குள்ள ஆத்துக்கு வந்துடணும். பக்கத்து வீட்டுல இருக்கறவா பேர் என்னன்னு இப்பவே கேட்டு வைக்கணும்." இன்னும் ஏதோ சொல்கிறாள், ஆனால் ஏழரை ஆகிவிட்டது, ரெஜி சேச்சி "மதி, போதும், வீட்டில் போய் எழுது" என்று சாவியை ஆட்டுகிறாள். இந்தக் கடைசி வரி கோணலாக இருந்தால் மன்னிக்கவும், லைட்டை அணைத்தாயிற்று.