பேரிக்காய் மரத்துப் பறவை

"நேத்து காலையில கூவிச்சே, அது என்ன பறவைங்க?"

ஏழாம் நம்பர் அறைக்கு வந்திருந்த தமயந்தி இப்படிக் கேட்டதும் டீ கொண்டுவந்த காட்டேஜ் பையன் மகேந்திரன் தட்டை மேசையில் வைத்தான்.

"அது... மேமலைக் குருவிங்க மேடம்."

"கேள்விப்பட்டதே இல்லையே?"

"ரொம்பக் கூச்சப்படும்ங்க. ஆள் தலை தெரிஞ்சாப் பறந்துரும்."

தமயந்தி தோள்பையிலிருந்து ரோமம் போர்த்திய மைக் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள். பக்கத்தில் ஒரு பெரிய ஹெட்போன், ஒரு நோட்டு. "நாளைக்குக் கிளம்பறதா இருந்தேன். இன்னும் நாலு நாள் இருக்கேன்."

சமையற்கட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னான். இஞ்சி இடித்துக்கொண்டிருந்த சகாயராணி நிமிர்ந்து பார்த்தாள்.

"பறவை ஆராய்ச்சிக்கார அம்மாலே அது. மைக்கு, நோட்டு எல்லாம் வச்சிருக்கு. உன் சோலி முடிஞ்சுச்சு."

ஆராய்வதற்குப் பறவை என்று ஒன்று இருந்தால் அல்லவா!

அந்தக் கொடைக்கானல் காட்டேஜின் விளம்பர அட்டையில், 'பறவைகள் பாடி எழுப்பும்' என்று முதலாளி அடைக்கலம் அச்சடித்திருந்தார். இரண்டாயிரத்து ஐந்து சீசனுக்கு முன்னால் பக்கத்து மனையில் கட்டட வேலை தொடங்கியது. அந்த ஜெனரேட்டர் சத்தத்துக்குப் பறவைகள் மொத்தமாக இடம் மாறிப்போயின. எழுப்பப் பறவை இல்லையென்று இரண்டு குடும்பங்கள் சண்டை போட்டுக்கொண்டு அறையைக் காலி செய்தன.

"ஆளக் குறைக்கணும்" என்றார் அடைக்கலம், மகேந்திரனையே பார்த்தபடி.

பாச்சலூரிலிருந்து வேலைக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. ஊரில் அம்மாவிடம் மேனேஜர் வேலை என்று வேறு சொல்லி வைத்திருந்தான். வேறு வழியில்லாமல்தான் பொட்டியை வெளியே எடுத்தான்.

பொட்டி என்றால் கீபோர்டு. ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார வாத்தியார் விட்டுப்போனது. இரண்டு ஆள் கனம். பழைய இரும்புக் கடையில் இருந்ததை முதல் மாதச் சம்பளத்தில் மகேந்திரன் வாங்கியிருந்தான். ஏதாவது ஒரு சத்தத்தைப் பிடித்துக் கொடுத்தால், அதையே எல்லாக் கட்டையிலும் வாசிக்கலாம். நாலே விநாடிதான் கொள்ளும். ஆனால் எந்த நாலு விநாடி என்று நாளெல்லாம் யோசிப்பதே அவனுக்கு ஒரு சுகம். கம்ப்யூட்டரில் ஏற்றினால் கேட் சத்தம் கேட் சத்தமாகவே இருக்கும். இந்தப் பொட்டிக்குள் போய்விட்டு வந்தால் கொஞ்சம் மணல் ஒட்டிக்கொண்டு, பனிக்குள்ளிருந்து யாரோ பாதி ஞாபகத்தில் கூப்பிடுவது போலக் கேட்கும்.

அப்படித்தான் காட்டேஜின் துருப்பிடித்த கேட் 'கிறீச்' என்றதைப் பிடித்து, இடது ஓரத்துக் கட்டையில் வாசித்துப் பார்த்தான். அது 'கூஊஊ' என்று நீண்டு இழைந்தது. பொட்டியைத் தண்ணீர்த் தொட்டி அறைக்குள் ஒளித்து, வாசல் பேரிக்காய் மரத்தில் ஸ்பீக்கரைக் கட்டி, அதைப் பாசியால் மூடினான். அடைக்கலம் காது குளிரக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கெடக்குலே உனக்கு வேலை."

தமயந்தி கேள்வி கேட்ட மறுநாள் ஆறேகாலுக்கு, மரத்தடியில் அவள் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தாள். மேமலைக் குருவி மூன்று முறை கூவியது.

"மூணு தடவையும் அச்சு அசலா ஒரே மாதிரி கூவுதே?" என்றாள் டீ வாங்கும்போது.

மகேந்திரன் அதை மனதில் வைத்துக்கொண்டான். அதற்கடுத்த நாள் வேறு வேறு கட்டைகளில் வாசித்தான். பறவை ஏறியது, இறங்கியது, நடுவில் ஒரு வளைவு வளைந்தது.

"இன்னைக்கு சுருதி சுத்தமாப் பாடுதே!" தமயந்தி நோட்டில் வேகமாக எழுதினாள்.

செய்தி பக்கத்து அறைகளுக்கும் பரவிவிட்டது. மூன்றாம் நாள் மரத்தடியில் பதினைந்து பேர் நின்றார்கள். சந்தேகத்தைக் கலைக்க இன்னொரு பறவையும் இருந்தால் நல்லது என்று மகேந்திரனுக்குப் பட்டது. சகாயராணி இஞ்சி இடித்த சத்தத்தைப் பிடித்து, அதையும் கீழே இறக்கி வாசித்தான். தும்... தும்... என்று மலையே நெஞ்சைத் தட்டிக்கொள்வது போல இருந்தது. அதன்மேல் கேட் பறவை மிதந்தது. அவனுக்குப் பயம் மறந்துபோனது. விரல்கள் தம்பாட்டுக்குப் போயின. வெளியே பனி மரத்தைப் பாதி விழுங்கியிருந்தது. பதினைந்து பேரும் டீ ஆறுவது தெரியாமல், தூக்கத்தில் நடந்து வந்து நின்றவர்களைப் போல நின்றார்கள். ஒரு குழந்தை மட்டும் இடுப்பை ஆட்டியது.

வாசித்து முடித்து மகேந்திரன் டீத் தட்டோடு வந்ததும் தமயந்தி கண்ணைத் திறந்தாள். "ஏணி இருக்குங்களா?"

"எ... எதுக்குங்க?"

"மரத்துல ஏறிப் பாக்கணும்."

"மலைத்தேனீ கூடு இருக்குங்க மேடம்! கொட்டுச்சுன்னா ஆஸ்பத்திரிதான்!"

"அப்ப நாளைக்கு ஆள் வச்சு ஏறிக்கறேன்."

அடைக்கலத்தின் காதுக்கு இது போனதும் அவர் தலையில் கைவைத்தார். "எமகாதகா! குருவின்னா குருவி மாதிரிக் கூவ வேண்டியதுதான? கச்சேரியாலே வச்ச? அந்தம்மா பேப்பர்ல எழுதிச்சுன்னா என் காட்டேஜ் போச்சு. நாளைக்கு வெள்ளனே அந்தப் பொட்டி இங்க இருக்கக் கூடாது. இருந்தா நீயும் இருக்கக் கூடாது."

"மொதலாளி, அது என் உசுருங்க."

"வேலையா உசுரான்னு நீயே முடிவு பண்ணிக்க."

விடிந்தும் விடியாமலும் ஸ்பீக்கரை அவிழ்த்தான். பாச்சலூர் வழியாக ஒட்டன்சத்திரம் போகும் காரட் லாரியில், மூட்டைகளுக்கு நடுவே கம்பளி சுற்றிப் பொட்டியைப் படுக்க வைத்தான். "அண்ணே, மேடு பள்ளத்துல பாத்துப் போங்க" என்று மூன்று முறை சொன்னான். லாரியின் பின்விளக்கைப் பனி கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்து எடுத்தது.

ஆறேகால் ஆனது. ஏழு ஆனது. பேரிக்காய் மரத்திலிருந்து சொட்டும் தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான். தமயந்தி ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, வீட்டில் துக்கம் விழுந்தவள் போல உட்கார்ந்திருந்தாள்.

மகேந்திரனுக்கு மனசு கேட்கவில்லை. சென்னையிலிருந்து அவளோடு வந்திருந்த டிரைவர் ஞானவேல், கேட்டோரம் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் மெல்லப் போய்க் கேட்டான்.

"அண்ணே, மேடம் ரொம்ப ஒடைஞ்சு போயிட்டாங்களே. பறவை ஆராய்ச்சில பெரிய ஆளுங்களா?"

ஞானவேல் துணியை உதறிவிட்டுச் சிரித்தார்.

"யாரு, அவங்களா? காக்காயக் காட்டினாக் கோழியான்னு கேப்பாங்க! சினிமாப் பாட்டுக்குத் தாளம் போடுறவங்க தம்பி. மொத நாளே காதுல மாட்டிக் கேட்டுட்டு, 'ஞானவேலு, பத்து வருசமா நான் தேடுற பழைய கீபோர்டு இங்கதான் எங்கயோ இருக்கு, அத வாசிக்கிறவனையும் சேத்துக் கூட்டிட்டுப் போகாம மலை எறங்க மாட்டேன்'னு சொல்லிட்டாங்க!"