நான் கீழே வைத்த காப்பி

வத்ஹாவை ஒருமுறை நன்றாகப் பயமுறுத்திவிடுவது என்று முடிவெடுத்தேன். அவள் என் மனைவி, எதிரி இல்லை. ஆனாலும் முடிவு முடிவுதான்.

காரணம் வண்டி. கல்யாணமான நாளிலிருந்து, "மச்சான், எனக்கும் வண்டி ஓட்டக் கத்துக்குடு" என்று ஒரே நச்சரிப்பு. ரொட்டி சுடும்போது கேட்பாள். ஆட்டுக்குத் தண்ணீர் வைக்கும்போது கேட்பாள். நான் தூங்கும்போது கேட்டுவிட்டு, நானே 'ம்' என்று சொன்னதாகக் காலையில் சத்தியம் பண்ணுவாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வத்ஹா பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்தவள். நான் பாதியில் பையை வீசிவிட்டு ஓடிவந்தவன். வெளிநாட்டுக்காரர்களோடு அவர்கள் பாஷையிலேயே சண்டை போடுவாள். நான் 'குட், வெரி குட்' என்பதோடு சரி. ஒட்டகத்துக்கு ஊசி போடுவதில்கூட அவள் கைதான் நிதானம். எங்கள் வாதி ரம் பாலைவன மணலில் வண்டி ஓட்டுவது ஒன்றில்தான் நான் அவளைவிட மேல். அதையும் கொடுத்துவிட்டால் என்னிடம் என்ன மிச்சம்? மீசைகூட இன்னும் சரியாக வரவில்லை.

இத்தனைக்கும் வண்டி என்னுடையது இல்லை. மாமாவுடையது, அதாவது வத்ஹாவின் வாப்பாவுடையது. அந்த பிக்கப்பின் பின்னால் பெஞ்சு போட்டு, சுற்றுலாப் பயணிகளைப் பழைய பாறைக் கீறல்களுக்கும், அந்தக் காலத்து நபாத்தியர் கட்டிவைத்த கோயில் இடிபாட்டுக்கும் கூட்டிப்போவதுதான் என் பிழைப்பு.

திட்டம் எளிது. மாமாவின் கூடாரம் இடிபாட்டுக்குப் பக்கத்தில். "வா, உன் வாப்பாவைப் பார்த்துட்டு வரலாம்" என்று வத்ஹாவை ஏற்றிக்கொண்டு, நல்ல பாதையை விட்டுவிட்டு, செம்மணல் மேட்டு வழியாகப் போவது. நாலு குலுக்கலில் அலறுவாள். "எனக்கு வண்டியே வேண்டாம் மச்சான்" என்பாள். கதை முடிந்தது.

வெள்ளிக்கிழமை கிளம்பினோம். கீறல் பாறை வந்ததும் வத்ஹா நிறுத்தச் சொன்னாள். எந்தக் காலத்து ஆட்களோ கல்லைக் கல்லால் கொத்தி, ஒட்டகமும் வேட்டையுமாக நிரப்பி வைத்திருக்கிறார்கள்.

"இந்த ஒட்டகத்து மேல இருக்கிறது ஆம்பளையா, பொம்பளையா?"

"ஆம்பளைதான்."

"எப்படித் தெரியும்?"

"ஓட்டிக்கிட்டுப் போறானே."

"மூஞ்சியே வரையலையே மச்சான்."

"ஏறு வண்டியில."

செம்மணல் மேடு வந்தது. அதில் ஏறுமுன் டயர்க் காற்றைப் பாதி இறக்கவேண்டும். எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். நான் இறக்கவில்லை. இறக்கினால் வண்டி மெத்தையில் போகிறமாதிரி போகும். குலுங்காவிட்டால் அவள் எப்படிப் பயப்படுவாள்?

"காத்து இறக்கலையா?"

"தேவையில்ல."

"போன வாரம் இறக்கினியே."

"போன வாரம் மணல் வேற."

"மணல் வேறயா!"

"வாயை மூடிக்கிட்டுக் கம்பியைப் புடி."

மிதித்தேன். வண்டி குதித்தது. என் தலை கூரையில் இடித்தது. அலறல் கேட்டது. என்னுடையது. வத்ஹா கம்பியைப் பிடித்துக்கொண்டு, திருவிழா ராட்டினத்தில் ஏறியவள்போல உட்கார்ந்திருந்தாள். இன்னும் மிதித்தேன். சக்கரம் சுற்றியது, வண்டி நகரவில்லை. மேலும் மிதித்தேன். வண்டி முட்டி மடக்கி உட்கார்ந்த ஒட்டகம்மாதிரி மணலுக்குள் இறங்கி அமர்ந்துவிட்டது.

இறங்கிப் பார்த்தோம். சக்கரமே தெரியவில்லை.

"இந்த மணலும் வேற போலிருக்கு" என்றாள்.

காற்றை இறக்கினேன். கையால் மணலைத் தோண்டினேன். பெஞ்சில் விரித்திருந்த கம்பளியைச் சக்கரத்துக்கு அடியில் திணித்தேன். இனி ஒருவர் தள்ளவேண்டும், ஒருவர் ஓட்டவேண்டும்.

"நான் தள்ளட்டுமா?" என்றாள், ரொம்பப் பணிவாக.

பெண்டாட்டியைத் தள்ளவிட்டு நான் உள்ளே உட்கார்ந்திருப்பதை ஒரே ஒரு ஒட்டகக்காரன் பார்த்தால் போதும். பேரப்பிள்ளை காலம்வரை பட்டப்பெயர் நிற்கும்.

"நீ உள்ள உக்காரு. மெதுவா மிதி. நான் நிறுத்துன்னா நிறுத்து."

தள்ளினேன். வண்டி ஒரு உறுமல் உறுமி வெளியே பாய்ந்தது. நான் குப்புற விழுந்தேன்.

"நிறுத்து! நிறுத்துடீ!"

"மணல்ல நிறுத்தக்கூடாதுன்னு நீதானே சொல்லுவே!"

"யாரு உனக்கு ஓட்டக் கத்துக்குடுத்தா?"

"நீதான்! பக்கத்துலயே உக்காந்து பாக்குறேனே! நீ பண்றதை எல்லாம் பண்ணக்கூடாதுன்னு கத்துக்கிட்டேன்!"

வண்டி மேட்டின் முதுகில் வழுக்கிக்கொண்டு போனது. ஒரு உதறல் இல்லை. ஜன்னல் வழியாக அவள் சிரிப்பு கேட்டது. கல்யாணத்துக்கு அப்புறம் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. பயமுறுத்தக் கூட்டிவந்தவள் இப்படிச் சிரிக்கிறாள். கேட்ட அன்றைக்கே கொடுத்திருந்தால் இந்தச் சிரிப்பு எனக்குப் பக்கத்தில் கேட்டிருக்கும். இன்றைக்கு அது புரிகிறது. அன்றைக்கு என்னவோ எரிச்சல்தான் வந்தது. நடந்தேன். செருப்புக்குள் மணல், வாய்க்குள் மணல், தலைக்குள் இரண்டாவது திட்டம்.

எங்கள் வழக்கம் ஒன்று உண்டு. வந்தவன் காப்பியை வாங்கிக் குடிக்காமல் கீழே வைத்தால், ஏதோ கேட்க வந்திருக்கிறான் என்று அர்த்தம். வீட்டுக்காரர், "குடி, தந்தாச்சு" என்று சொல்லும்வரை தொடமாட்டான். அவர் சொல்லி, இவனும் குடித்துவிட்டால் பேச்சு முடிந்தது. ரெண்டு பேருமே மாறக்கூடாது.

மாமாவிடம் இதைத்தான் செய்யப்போகிறேன். வத்ஹா இனி ஸ்டீயரிங்கைத் தொடக்கூடாது. வண்டியின் சொந்தக்காரரே சொல்லிவிட்டால் அப்பீல் இல்லை.

இடிந்த தூண்களுக்குப் பக்கத்தில் வண்டி நின்றது, அழகாக, நிழல் பார்த்து. கூடாரத்துக்குள் மாமாவும் பக்கத்துக் கூடாரத்துப் பெரியவர்கள் ரெண்டு பேரும். நல்லது, சாட்சி. வத்ஹா தன் உம்மாவோடு தள்ளி உட்கார்ந்திருந்தாள்.

"வா மருமவனே! ஏன் நடந்து வர்றே?"

செருப்பை உதறிவிட்டு உட்கார்ந்தேன். காப்பி வந்தது. வாங்கினேன். கம்பளத்தில் வைத்தேன்.

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஓ. கேக்க வந்திருக்கியா?"

"ஆமா மாமா. நான் என்ன சொல்றேன்னா..."

"ஏய், ஏய்!" ஒரு பெரியவர் கையைத் தூக்கினார். "கேக்க வந்தவன் வாயைத் திறக்கலாமா? உனக்காகப் பேசுறது யாரு?"

அப்போதுதான் உறைத்தது. கேட்பவன் பேசக்கூடாது. கூட வந்த ஒருவர்தான் அவனுக்காகப் பேசவேண்டும். அதனால்தான் இந்த வேலைக்கு எல்லாரும் கூட்டமாகப் போகிறார்கள். நான் அவசரக்குடுக்கை, தனியாக வந்துவிட்டேன்.

"மாமா, நானே ஒரு வார்த்தை..."

"மரியாதையைக் கெடுக்காதே. உன்கூட யாரு வந்தா?"

"நான்தான் வாப்பா வந்தேன்" என்றாள் வத்ஹா.

பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மாமா தாடியைத் தடவினார். "வந்தது உண்மைதானே. பேசு."

வத்ஹா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தாள். குரலில் அப்படி ஒரு அடக்கம்.

"வாப்பா, என் மச்சான் உங்க வண்டியில உக்காராம, வெயில்ல நடந்தே வந்திருக்கார். எனக்காக. வண்டியை இனிமே வத்ஹா ஓட்டட்டும், அவ கையில சாவியைக் குடுங்கன்னு கேக்க வந்திருக்கார். வெக்கத்துல வார்த்தை வரலை அவருக்கு."

"ஐயோ மாமா..."

"பேசுறவங்க பேசும்போது நீ பேசாதே!" என்றார் பெரியவர். அவர் கண்ணில் தண்ணீர். "பெண்டாட்டிக்காக இப்படி நடந்து வந்தவனை நான் பார்த்ததே இல்லை."

மாமா எழுந்து வந்து என் நெற்றியில் முத்தம் கொடுத்தார். "குடி மருமவனே. தந்தாச்சு."

குடிக்காவிட்டால் மாமாவுக்கு அவமானம். குடித்தால் எனக்கு. வத்ஹாவைப் பார்த்தேன். கோப்பையைக் கண்ணால் காட்டினாள்.

குடித்தேன். அவ்வளவு கசப்பான காப்பியை என் வாழ்நாளில் குடித்ததில்லை.

மறுவாரம் பயணிகளை ஏற்றும் முறை எங்களுக்கு வந்தது. ஒரு பிரெஞ்சுக்கார அம்மாள் தன் கூட்டத்தோடு ஏறினாள். வத்ஹா ஓட்டினாள், பாறைகளைப் பற்றி அவர்கள் பாஷையிலேயே ஏதோ சொல்லிச் சிரிக்கவைத்தாள். இடிபாட்டு நிழலில் நான் சுள்ளி பொறுக்கி, அடுப்பு மூட்டி, டீ போட்டுக் கொடுத்தேன். அந்த அம்மாள் ஒரு வாய் குடித்துவிட்டு, என்னைப் பார்த்து வத்ஹாவிடம் ஏதோ கேட்டாள்.

"என்னடி சொல்றாங்க?"

"பையன் வேலைக்குப் புதுசான்னு கேக்குறாங்க மச்சான்."